இண்டக்ஷன் அடுப்பு வாங்கும் முன்: நம் பாத்திரத்துக்கும் சமைப்பவர் கைக்கும் ஏற்ற மாதிரி எது?

விக்டோரியா மாநிலத்தில் 2024 சனவரி 1 முதல், திட்ட அனுமதி பெற்றுக் கட்டப்படும் புதிய வீடுகளுக்கு எரிவாயு இணைப்பு வழங்கப்படுவதில்லை. அத்தகைய வீடுகளில் குடியேறும் தமிழ்க் குடும்பங்களுக்கு மின்னடுப்பு ஒன்றே வழி. பழைய வீடுகளில் இருப்போர் எரிவாயு அடுப்பைக் கைவிட வேண்டும் என்று சட்டம் கட்டாயப்படுத்தவில்லை. ஆயினும் அடுப்பு பழுதாகும்போதோ சமையலறையைப் புதுப்பிக்கும்போதோ இண்டக்ஷன் அடுப்புக்கு மாறுவோர் பெருகி வருகின்றனர்.

கடைக்குச் சென்றால் எல்லா மாதிரிகளும் ஒன்றுபோலவே கறுப்புக் கண்ணாடியாகக் காட்சி தருகின்றன. விலை மட்டும் சில நூறு டாலரிலிருந்து சில ஆயிரம் டாலர் வரை வேறுபடுகிறது. விற்பனையாளர் சூட்டு நிலைகளின் எண்ணிக்கையையும் கைப்பேசி இணைப்பையும் எடுத்துரைப்பார். தோசை வார்க்கும் வீட்டுக்கு இவற்றால் பெரும்பயன் இல்லை. பயன் தரும் வேறுபாடுகள் நான்கு: சூட்டு வட்டத்தின் உண்மையான அளவு, குறைந்த சூட்டின் தரம், கட்டுப்பாட்டுப் பலகையின் வகை, வீட்டின் மின்சுற்று தாங்கும் சுமை. இவற்றுள் எதையும் அடுப்பின் முகத்தைப் பார்த்து அறிய இயலாது.

இன்னொன்றும் கவனிக்கத்தக்கது. பல வீடுகளில் நாள்தோறும் சமைப்பவர் எழுபது வயதைக் கடந்த தாயாரோ மாமியாரோ ஆவார். அடுப்பைத் தேர்ந்தெடுப்பவரோ மகன் அல்லது மருமகள். பொருந்தாத மாதிரி வந்துவிட்டால் பணம் மட்டுமே வீணாவதில்லை. ஐம்பது ஆண்டுகள் தம் சமையலறையைத் தாமே ஆண்டவர், ஒரு குவளைத் தேநீருக்கும் பிறர் வீடு திரும்பும் வரை காத்திருக்க நேரிடும்.

பாத்திரமே சூடாகும் அடுப்பு

இண்டக்ஷன் அடுப்பின் கண்ணாடிக்கு அடியில் செப்புக் கம்பிச் சுருள் உள்ளது. அதில் நொடிக்கு 20,000 முறைக்கு மேல் திசைமாறும் மின்னோட்டம் பாய்கிறது. அதனால் எழும் காந்தப்புலம் பாத்திரத்தின் அடியில் மின்சுழல்களை உண்டாக்குகிறது. அவை இரும்பின் தடையால் வெப்பமாகின்றன. அதாவது அடுப்பு சூடாகிப் பாத்திரத்துக்குச் சூட்டைக் கடத்துவதில்லை; பாத்திரமே சூடாகிறது. கண்ணாடிக்கு ஏறும் சூடு பாத்திரத்திலிருந்து இறங்கிய சூடுதான். செந்நிறமாக ஒளிரும் பழைய செராமிக் மின்னடுப்பு வேறு, இது வேறு. தோற்றத்தில் இரண்டும் ஒன்றாக இருப்பதால், வாடகை வீட்டில் செராமிக் அடுப்பைப் பயன்படுத்திச் சலித்தவர்கள் இண்டக்ஷனையும் மந்தமானது என்று எண்ணிவிடுவதுண்டு.

செலவாகும் ஆற்றலில் ஏறக்குறைய 85 விழுக்காடு உணவைச் சென்றடைகிறது. எரிவாயு அடுப்பில் அது 40 விழுக்காட்டை ஒட்டியது. மீதி சமையலறையைச் சூடாக்குகிறது. 2 லிட்டர் தண்ணீரை 20 பாகை செல்சியசிலிருந்து கொதிநிலைக்குக் கொண்டுவர 2.2 கிலோவாட் வட்டத்துக்கு ஏறத்தாழ 6 நிமிடம் போதும். இதற்குச் செலவாகும் மின்சாரம் கால் யூனிட்டுக்கும் குறைவு. யூனிட் 30 சதம் எனக் கொண்டால் 7 சதம்கூட ஆகாது. எனவே மின்கட்டணத்தை முன்னிட்டு விலையுயர்ந்த மாதிரியைத் தேடுவதில் பொருளில்லை. மலிவான மாதிரியும் விலை கூடியதும் இவ்வகையில் ஏறத்தாழ ஒன்றே.

சமையலறைக் காற்றின் நிலை வேறு கதை. எரிவாயுச் சுடர் நைட்ரசன் டை ஆக்சைடை வெளியிடுகிறது. அது குழந்தைகளின் ஆஸ்துமாவைத் தூண்டக்கூடியது. ஆஸ்திரேலியக் குழந்தைகளின் ஆஸ்துமாச் சுமையில் சுமார் 12 விழுக்காடு எரிவாயு அடுப்போடு தொடர்புடையது என 2018ஆம் ஆண்டில் ஆஸ்திரேலிய மருத்துவ இதழில் வெளியான ஆய்வு மதிப்பிட்டது. இண்டக்ஷனுக்கு மாறினால் அந்த வாயு நீங்கும். ஆனால் மிளகாய் வறுக்கும் நெடியும் எண்ணெய்ப் புகையும் நீங்கமாட்டா. புகைபோக்கி விசிறி இருக்கவே வேண்டும்.

காந்தமும் அளவுகோலும்

மாதிரிகளைப் பார்க்கும் முன் ஒரு மாலைப்பொழுதைப் பாத்திரங்களுக்கு ஒதுக்குவது நன்று. குளிர்பதனப் பெட்டியில் ஒட்டியிருக்கும் காந்தம் ஒன்றும் அளவுகோலும் போதும். வாரந்தோறும் பயன்படும் பாத்திரங்களை மட்டும் எடுத்து, ஒவ்வொன்றின் அடியிலும் காந்தத்தை வைத்துப் பார்க்கவும். இறுகப் பிடித்தால் பாத்திரம் பயன்படும். தளர்வாகப் பிடித்தால் சூடு அரைகுறையாகவே ஏறும். பிடிக்காவிட்டால் அடுப்பு அப்பாத்திரத்தை அறியவே அறியாது.

இச்சோதனை சில வியப்புகளைத் தரும். எவர்சில்வர் எல்லாம் காந்தத்துக்கு இணங்குவதில்லை. நிக்கல் கலந்த நல்ல எவர்சில்வரில் காந்தம் ஒட்டாது. அடியில் இரும்புத் தகடு சேர்த்துச் செய்தவற்றில் மட்டுமே ஒட்டும். ஊரிலிருந்து சீராக வந்த கனத்த பாத்திரம் தேறாமல், இங்கே மலிவாக வாங்கிய பானை தேறக்கூடும். அலுமினிய இட்லிப் பானை, பித்தளை உருளி, வெண்கலப் பானை, செப்புக் குடம், மண்சட்டி ஆகியவை தேறா. பழைய அலுமினிய பிரஷர் குக்கரும் தேறாது. புதியவற்றில் அடியில் கம்பிச்சுருள் குறி பொறித்தவை தேறும். இரும்புத் தோசைக்கல்லும் இரும்பு வாணலியும் முதல் தரத்தில் தேறும்.

அடுத்து, காந்தத்துக்கு இணங்கிய ஒவ்வொன்றின் அடியையும் அளந்து எழுதிக்கொள்ளவும். வாயின் அகலம் கணக்கில் வராது. கண்ணாடியில் படியும் தட்டையான பகுதியின் விட்டமே கணக்கு. தோசைக்கல் 28 அல்லது 30 செ.மீ. இருக்கும். வாணலியின் (யாழ்ப்பாண வழக்கில் தாச்சி) வாய் 30 செ.மீ. ஆனாலும் அடி 14 செ.மீ.யைத் தாண்டாது. தாளிக்கும் கரண்டியின் அடி 7 அல்லது 8 செ.மீ. தான்.

இப்பட்டியலின் இரு முனைகளே மாதிரியைத் தீர்மானிக்கின்றன. பொதுவான 60 செ.மீ. அகல அடுப்பில் வட்டங்கள் 14 முதல் 21 செ.மீ. வரையே இருக்கும். 18 செ.மீ. வட்டத்தின் மேல் 30 செ.மீ. தோசைக்கல்லை வைத்தால் நடுவில் தோசை கருகும். ஓரம் வெந்தும் வேகாமலும் வெளுத்துக் கிடக்கும். கண்ணாடியில் வரையப்பட்ட வட்டத்தைவிட உள்ளேயுள்ள சுருள் சிறியதாக இருப்பதும் உண்டு. மலிவான மாதிரிகளில் இது மிகுதி. சுருளின் விட்டத்தை விவரக் குறிப்பில் எல்லா நிறுவனங்களும் தருவதில்லை. ஆனால் கடையில் செயல்படும் மாதிரி இருந்தால் எளிதில் கண்டறியலாம்: அகன்ற பாத்திரத்தில் விரலளவு தண்ணீர் ஊற்றி மிகு சூட்டில் வைத்தால், முதலில் குமிழி எழும் வளையமே சுருளின் அளவைக் காட்டிவிடும். நாள்தோறும் தோசை வார்க்கும் வீடு, 26 அல்லது 28 செ.மீ. பெரிய வட்டம் ஒன்றாவது உள்ள மாதிரியைத் தேடுவதே நன்று. இரு வட்டங்களை இணைத்து ஒரே பரப்பாக்கும் வசதி நீள்வடிவப் பாத்திரத்துக்கு ஏற்றது. உருண்டைக் கல்லுக்கு அது அரைத்தீர்வே.

மறுமுனையில் தாளிக்கும் கரண்டி. அடி மிகச் சிறிதானால் அடுப்பு பாத்திரம் இல்லை என்றே கருதி அணைந்துவிடும். ஒவ்வொரு வட்டத்துக்கும் குறைந்தபட்ச அடியளவு குறிப்பேட்டில் இருக்கும். சிறிய வட்டத்துக்கு 9 அல்லது 10 செ.மீ., பெரிய வட்டத்துக்கு 12 செ.மீ.க்கு மேல் என்பது வழக்கமான அளவு. 10 செ.மீ. அடியுள்ள சிறு இரும்புச் சட்டி ஒன்று வாங்கிக்கொண்டால் தாளிதம் தடையின்றி நடக்கும். ஆனால் அந்தச் சட்டியில் எண்ணெய் ஊற்றிவிட்டுக் கடுகைத் தேட அலமாரிக்குத் திரும்புதல் கூடாது. சிறிதளவு எண்ணெய் இந்த அடுப்பில் ஒரு நிமிடத்துக்குள் புகையத் தொடங்கிவிடும். நடுத்தரச் சூட்டில் வைத்து, கடுகும் கறிவேப்பிலையும் கையருகே இருக்கத் தொடங்குவதே பாதுகாப்பு.

தேறாத பாத்திரங்களுக்காக இரும்புத் தட்டு ஒன்று கடைகளில் விற்கப்படுகிறது. அதை அடுப்பில் வைத்து அதன் மேல் எந்தப் பாத்திரத்தையும் வைக்கலாம் என்பர். தட்டு அளவுக்கு மீறிச் சூடாகிக் கண்ணாடிக்கும் அடியிலுள்ள மின்னணுப் பகுதிக்கும் கேடு விளைவிக்கக்கூடும். பல நிறுவனங்கள் அதைப் பயன்படுத்த வேண்டாம் என்றே எழுதியுள்ளன. இண்டக்ஷனின் விரைவும் சிக்கனமும் அதனோடு போய்விடும். மீன்குழம்புக்கு மண்சட்டி வேண்டுமென்போரும், கத்தரிக்காயைத் தீயில் சுட்டுப் பிசைவோரும், உருண்டை அடியுள்ள அப்பச்சட்டியை விடமுடியாதோரும் வீட்டின் பின்புறத்தில் எரிவாயு பார்பிக்யூவை வைத்துக்கொள்ளலாம். பொங்கலும் அங்கேயே பொங்கட்டும். அந்த அடுப்பையோ கரி அடுப்பையோ மழைக்கும் குளிருக்கும் அஞ்சி வீட்டுக்குள் கொண்டுவருதல் கூடவே கூடாது. மணமும் நிறமும் அற்ற கார்பன் மோனாக்சைடு உறங்குவோர் உயிரையும் பறிக்கும்.

பால் சொல்லும் தரம்

விரைவாகக் கொதிக்க வைப்பதில் மாதிரிகளுக்கிடையே பெரிய வேறுபாடு இல்லை. மெல்லச் சமைப்பதில்தான் தரம் தெரியும். பல மலிவான மாதிரிகளும், குறிப்பாகப் பிளக்கில் செருகும் ஒற்றை அடுப்புகளும், குறைந்த சூட்டை உண்மையில் தருவதில்லை. முழு வலுவோடு சில நொடி எரிந்து, சில நொடி அணைந்து, மீண்டும் எரியும். சராசரி குறைவாகத் தோன்றினாலும், எரியும் அந்த நொடிகளில் பாயசம் அடிபிடிக்கும். பருப்பு அடியில் கருகி மேலே வேகாமல் நிற்கும். பால் அடங்கியதுபோல் இருந்து திடீரெனப் பொங்கும். தரமான மாதிரியிலோ வலு தொடர்ச்சியாகவே குறைகிறது. அல்லது விட்டுவிட்டு எரிந்தாலும் இடைவெளி மிகக் குறுகியது.

இதைக் கண்டறியும் சோதனையும் எளியது. மெல்லிய அடியுள்ள பாத்திரத்தில் சிறிது தண்ணீரைக் கொதிக்கவைத்து, சூட்டை 9இல் 3ஆம் நிலைக்குக் குறைக்கவும். குமிழிகள் ஓயாமல் மென்மையாக எழுந்தால் நன்று. நான்கைந்து நொடி கொந்தளித்து, அடுத்த நான்கைந்து நொடி முற்றாக அடங்கினால், அந்த அடுப்பில் பால்கோவா கிண்டும் ஆசையை விட்டுவிட வேண்டியதுதான். கடையில் இதற்கு இசையாவிட்டால், அதே மாதிரியை வைத்திருக்கும் உறவினர் வீட்டில் செய்து பார்க்கலாம். சூட்டு நிலைகள் 9 என்றாலும் 17 என்றாலும் இச்சோதனையின் முன் அவ்வெண்ணிக்கைக்கு மதிப்பில்லை.

இரும்புத் தோசைக்கல்லுக்கும் இதிலிருந்து ஒரு பாடம் உண்டு. ‘பூஸ்ட்’ எனப்படும் மிகுவலு நிலையில் வெற்றுக் கல்லை வைத்தால் நடுப்பகுதி மட்டும் கடுகிச் சூடேறி விரியும். ஓரம் குளிர்ந்தே இருக்கும். வார்ப்பிரும்பு அந்த இழுபறியில் விரிசல் காணலாம். மெல்லிய தகட்டுக் கல் நடுவே புடைத்துக் கண்ணாடியில் படியாமல் ஆடலாம். 4ஆம் அல்லது 5ஆம் நிலையில் ஐந்து நிமிடம் வைத்தால் சூடு ஓரம் வரை பரவும். கல்லை இழுக்காமல் தூக்கி வைக்க வேண்டும். அடியில் சிக்கிய உப்புத்துகள்கூடக் கண்ணாடியைக் கீறும்.

பிரஷர் குக்கரில் விசில் கணக்கு மாறிவிடும். ஆவி விரைந்து சேர்வதால், எரிவாயுவில் நான்கு விசிலுக்கு வெந்த பருப்பு இங்கே நான்கு விசில் வந்த பின்னும் கடினமாக இருக்கலாம். நீராவியில் கழிந்த மொத்த நேரம் குறைந்துவிட்டதே காரணம். முதல் விசில் வந்ததும் சூட்டைக் குறைத்து, அதன்பின் நிமிடக் கணக்கில் வேகவைப்பது நம்பத்தக்கது. இரண்டு மூன்று நாளில் கைக்கு வந்துவிடும்.

யார் கை அந்தப் பலகையைத் தொடும்?

பெரும்பாலான மாதிரிகளில் குமிழ் கிடையாது. கண்ணாடியின் மேல் மங்கலான சாம்பல் நிறத்தில் அச்சிட்ட குறிகளை விரலால் தொட வேண்டும். கண்புரை உள்ளவருக்கு அவை தென்படுவதே அரிது. ஈரமான விரலையும் மாவு படிந்த விரலையும் பலகை ஏற்காது. சாம்பார் பொங்கிப் பலகையில் வழிந்தால் கூக்குரலிட்டு எல்லா வட்டங்களையும் அணைத்துவிடும். பாதுகாப்புக்காகவே அவ்வாறு செய்கிறது எனினும், அறியாதவர் அடுப்பு பழுதாகிவிட்டது என்றே அஞ்சுவார். குழந்தைப் பூட்டு தவறுதலாக விழுந்துவிட்டாலும் இதே நிலை. மூன்று நொடி அழுத்தினால் திறக்கும் ஒரு குறிக்காகப் பகல் முழுவதும் சமைக்காமல் இருந்த மூதாட்டிகள் உண்டு.

எனவே அடுப்பைத் தெரிவு செய்யும்போது, அதை நாள்தோறும் பயன்படுத்தப் போகிறவரைக் கடைக்கு அழைத்துச் செல்வது மிக முக்கியமானது. அவரிடம் விளக்கம் கூற வேண்டாம். பின் இடது வட்டத்தை ஏற்றி, நடுத்தரச் சூட்டுக்குக் கொணர்ந்து, அணைக்குமாறு கேட்டுப் பார்க்கவும். ஒரே குறியைப் பல வட்டங்களுக்கும் பொதுவாக வைத்து, முதலில் வட்டத்தையும் பின்னர் சூட்டையும் தேர்ந்தெடுக்கச் செய்யும் மாதிரிகள் முதியோரைத் திணறடிக்கும். வட்டத்துக்கு ஒன்றாகத் தனித்தனிக் கட்டுப்பாடு உள்ளவை எளியவை. திருகும் குமிழ் உள்ள இண்டக்ஷன் மாதிரிகள் எண்ணிக்கையில் குறைவு. விலையும் சற்றுக் கூடுதல். பார்வை குன்றியவர் சமைக்கும் வீட்டில் அந்தக் கூடுதல் விலை முற்றிலும் தகும். தொடுபலகையே கிடைக்குமெனில், இயக்கும் குறிக்கும் பூட்டைத் திறக்கும் குறிக்கும் அருகில், குறியை மறைக்காதபடி, விரலுக்குத் தட்டுப்படும் சிறு புடைப்பு ஒட்டிகளை ஒட்டலாம்.

மறதி தொடங்கிய பெரியவர் உள்ள வீட்டுக்கு இண்டக்ஷன் பெரும் துணை. பாத்திரத்தை எடுத்தவுடன் சூடு நின்றுவிடுகிறது. சேலைத் தலைப்பில் பற்றச் சுடர் இல்லை. குறித்த நிமிடத்தில் தானே அணையும் வசதி ஒவ்வொரு வட்டத்துக்கும் தனியே உள்ள மாதிரிகள் கிடைக்கின்றன. ஒற்றை மணிப்பொறி மட்டுமே உள்ளவை, நேரம் முடிந்ததும் ஒலியெழுப்பி நிற்குமேயன்றி அடுப்பை அணைக்கமாட்டா. குறிப்பேட்டில் இவ்வேறுபாட்டைக் கேட்டுத் தெளிந்துகொள்ளவும். ‘எச்’ என்ற ஆங்கில எழுத்து ஒளிரும் வரை கண்ணாடியில் சூடு எஞ்சியிருக்கிறது என்பதையும் வீட்டார் அனைவருக்கும் சொல்லிவைக்க வேண்டும். சுடர் இல்லாத அடுப்பு குளிர்ந்திருக்கிறது என்று கண் நம்பிவிடும்.

இதயமுடுக்கி பொருத்தியவர்கள் வாங்குமுன் தம் இதயநோய்ச் சிகிச்சை நிலையத்தில் கேட்டல் வேண்டும். இயங்கும் அடுப்புக்கும் இதயமுடுக்கிக்கும் இடையே குறைந்தது 60 செ.மீ. இருக்கட்டும் என்பது பிரித்தானிய இதய அறக்கட்டளையின் அறிவுரை. முன்வரிசை வட்டத்தில் குனிந்து கிளறும்போது அந்த இடைவெளி இருக்காது. பின்வரிசையில் பெரிய வட்டம் அமைந்த மாதிரி அத்தகையோருக்கு உதவக்கூடும்.

வீட்டின் மின்சுற்று

நான்கு வட்டமுள்ள அடுப்பின் மொத்த வலு பெரும்பாலும் 7.2 முதல் 7.4 கிலோவாட் வரை. 230 வோல்ட்டில் இது ஏறக்குறைய 32 ஆம்பியர். எரிவாயு அடுப்பு இருந்த இடத்தில், தீப்பொறிக்காக வைத்த 10 ஆம்பியர் பிளக் மட்டுமே இருக்கும், அது 2.3 கிலோவாட்டுக்கு மேல் தாங்காது. ஆகவே மின்பெட்டியிலிருந்து தனிச்சுற்று ஒன்று இழுக்க நேரும். மின்பெட்டியில் பழைய பீங்கான் பியூஸ்கள் இருந்தால் அதையே மாற்ற வேண்டியும் வரலாம். அச்செலவு அடுப்பின் விலையை விஞ்சக்கூடும் என்பதால், அடுப்பை வாங்கும் முன் உரிமம் பெற்ற மின்பணியாளரிடம் எழுத்து வடிவில் மதிப்பீடு பெறுவதே முறை.

ஓர் எடுத்துக்காட்டு. ஐந்து பேர் உள்ள வீட்டில் 20 ஆம்பியர் சுற்று ஒன்று ஏற்கெனவே உள்ளது எனக் கொள்வோம். அது தாங்குவது 4.6 கிலோவாட். மொத்த வலுவை நிறுவும்போதே குறைத்து அமைக்கும் வசதியுள்ள மாதிரியை வாங்கினால் புதிய கம்பி தேவைப்படாமற் போகலாம். நண்பகலில் குக்கர் 2.2 கிலோவாட்டிலும் கறி 1.4 கிலோவாட்டிலும் வைத்தால் மீதமிருப்பது 1 கிலோவாட். மூன்றாம் வட்டத்தில் குழம்பு மெல்லக் கொதிக்கும். நான்காம் வட்டத்துக்கு ஒன்றும் எஞ்சாது. அவ்வீட்டுக்கு, சிறிய நான்கு வட்டமுள்ள மாதிரியைவிட 28 செ.மீ. பெரிய வட்டத்தோடு மூன்றே வட்டமுள்ள மாதிரி பொருத்தமானது. விழாநாளில் இருபது பேருக்குச் சமைப்பதே வழக்கமான வீடோ, 32 ஆம்பியர் சுற்றை இழுத்து முழு வலுவையும் பெறுவது நல்லது.

முழு வலு இருந்தாலும் ஒரு கட்டுப்பாடு உண்டு. பெரும்பாலான மாதிரிகளில் இடப்பக்க வட்டங்கள் இரண்டும் ஒரே மின்னணுப் பலகையையும், வலப்பக்கத்தவை இரண்டும் மற்றொன்றையும் பகிர்ந்துகொள்கின்றன. ஒரு பக்கத்துக்கு 3.6 கிலோவாட் அளவே கிடைக்கும். முன் இடதில் பூஸ்ட் போட்டால் பின் இடதின் சூடு தானாக இறங்கும். சோற்றுப் பானையை இடப்புறமும் பொரிக்கும் வாணலியை வலப்புறமும் வைத்துக்கொள்வது இதற்கு மாற்று.

கல்மேடையில் வெட்டப்பட்ட துவாரத்தையும் அளக்கவும். 60 செ.மீ. அடுப்புக்குப் பொதுவாக 56க்கு 49 செ.மீ. துவாரம் வேண்டும். ஐந்து சுடருள்ள 90 செ.மீ. எரிவாயு அடுப்பை எடுத்துவிட்டு 60 செ.மீ. மாதிரியை வாங்கினால் துவாரம் மூடாது. அடியிலுள்ள இழுப்பறைக்கும் அடுப்புக்கும் இடையே, குறிப்பேடு கூறும் காற்று இடைவெளி இருக்க வேண்டும். உள்ளே விசிறி உண்டு. அதன் ஓசையும், அடுக்கு உலோகப் பாத்திரத்தில் எழும் மெல்லிய ரீங்காரமும் இயல்பானவையே.

இரவல், வாடகை, விற்பனை

வாடகை வீட்டார் பொருத்தப்பட்ட அடுப்பை மாற்ற வீட்டு உரிமையாளரின் இசைவு தேவை. பிளக்கில் செருகும் 2 கிலோவாட் ஒற்றை அடுப்பை வைத்துக்கொள்ளலாம். அதே சுற்றில் மின்கெண்டியும் ஏர் ஃப்ரையரும் ஒருசேர ஓடினால் பிரேக்கர் விழும் என்பதை மட்டும் நினைவில் கொள்ளவும். நீட்டிப்புக் கம்பியில் செருகுவது ஆபத்து. ஆஸ்திரேலியாவில் சில நகராட்சி நூலகங்கள் இத்தகைய ஒற்றை அடுப்பை இரவல் தருகின்றன. பெரிய அடுப்பு வாங்கக் கருதுவோரும், அதை இரவல் பெற்று ஒரு வாரம் சமைத்துப் பார்த்தால் பாத்திரப் பட்டியல் தானே தெளிவாகிவிடும். எனினும் குறைந்த சூட்டை அதைக் கொண்டு எடைபோட வேண்டாம். மேலே கூறியவாறு அது ஒற்றை அடுப்புகளின் பலவீனம்.

வீடு தேடி வந்து, “எரிவாயுவை நிறுத்தப் போகிறார்கள், இன்றே கையெழுத்திட்டால் சலுகை” என்போரிடம் அவசரப்படத் தேவையில்லை. விக்டோரிய எரிசக்தி மேம்பாட்டுத் திட்டத்தின் பெயரில் வீடுவீடாகச் சென்று விற்பதும் தொலைபேசியில் அழைத்து விற்பதும் 2024இல் தடைசெய்யப்பட்டன. அழைக்காமல் வந்த விற்பனையாளரிடம் 100 டாலருக்கு மேற்பட்ட ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டிருந்தாலும், 10 வேலைநாட்களுக்குள் அதை இரத்துச் செய்யும் உரிமை ஆஸ்திரேலிய நுகர்வோர் சட்டத்தில் உள்ளது. கடையில் கூடுதல் பணத்துக்கு விற்கப்படும் நீட்டித்த உத்தரவாதத்தையும் யோசித்தே வாங்கவும். நிறுவன உத்தரவாதம் முடிந்த பின்னும், விலைக்கேற்ற நியாயமான காலம் பொருள் உழைக்க வேண்டும் என்ற பாதுகாப்பை அதே சட்டம் இலவசமாகவே தருகிறது. இவை குறித்துப் பேச ஆங்கிலம் தடையாயின் 131 450 என்ற எண்ணில் தமிழ் உரைபெயர்ப்பாளரைக் கோரலாம்.

நிறுவும் பணியைச் சொந்தமாகச் செய்தல் சட்டவிரோதம். மின்பணியாளர் பணி முடிந்ததும் மின் பாதுகாப்புச் சான்றிதழையும், எரிவாயுக் குழாயை அடைப்பவர் இணக்கச் சான்றிதழையும் தர வேண்டும்; வீட்டை விற்கும்போதும் காப்புறுதி கோரும்போதும் இரண்டும் தேவைப்படும். வீட்டில் எரிவாயுவில் இயங்கிய கடைசிச் சாதனம் அடுப்பே எனில், அடைப்பதோடு நில்லாமல் எரிவாயு நிறுவனத்திடம் கணக்கை மூடுமாறு கேட்கவும். இல்லாவிடில் ஒரு துளி வாயுவும் எரிக்காத வீட்டுக்கு நாள்தோறும் இணைப்புக் கட்டணம் ஏறிக்கொண்டிருக்கும். மீட்டரை மூடுவதற்கும் இணைப்பை முற்றாக அகற்றுவதற்கும் கட்டணம் வேறு வேறாகையால் இரண்டையும் கேட்டறிந்து முடிவெடுக்கலாம்.

கழற்றிய பழைய அடுப்பைத் தெருவோரம் விட்டுவைக்க வேண்டாம். முன்பதிவு செய்தால் நகராட்சியின் பெருங்கழிவு வண்டி எடுத்துச் செல்லும். கழிவு மாற்று நிலையத்திலும் உலோகப் பகுதியில் ஒப்படைக்கலாம். காந்தத்துக்குத் தேறாத அலுமினியப் பானைகளையும் அங்கேயே சேர்க்கலாம். பித்தளையும் வெண்கலமும் மட்டும் பரணில் ஏறட்டும். பின்முற்றத்து அடுப்புக்கு அவை வேண்டியிருக்கும்.